சுண்டக்கறியை ஒளித்த கிழமை

யூலை 7, திங்கள்

தென்மேற்கிலிருந்து சோளகக்காற்று பலம். யாரும் கடலுக்குப் போகவில்லை. எங்கள் படகின் எஞ்சின் இன்னும் திருத்துகிற இடத்தில்தான். பிளக் மாற்றவேண்டுமாம், பிறகு வேறு ஏதோவும் மாற்றவேண்டுமாம். திருத்துகிறவனுக்குப் பொழுதுபோக என் படகுதான் கிடைத்தது.

வாங்க: முழங்காலுக்கு எண்ணெய். குசினி பல்ப். பேக்கரியில் பாண். கணவாய் ("சின்னனைக் கொண்டு வந்து நிக்காதேங்கோ" – மனைவி பிலோ).

யூட்டும் மாலினும் வந்து மூன்றாம் நாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு மகன் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான், கேட்கக் கேட்கச் சந்தோஷம். மருமகள் சுவீடன்காரி. வீடியோவில் பார்த்ததைவிட உயரம். வாசல் நிலையில் இரண்டு தடவை தலை இடித்தாயிற்று. அயலில் எல்லோருக்கும் அவள் 'மாலினி'. ஒரு மாதம் எங்களோடு நிற்பதாகத் திட்டம்.

மத்தியானம்: நண்டு, கணவாய், இறால் பொரியல், முருங்கைக்காய், கத்தரிக்காய், பருப்பு, பொன்னாங்காணி. பிலோ உட்காரவில்லை. மாலினின் முதுகுக்குப் பின்னால் அகப்பையோடு காவல்.

பிலோவின் புதுச் சட்டம்: மருமகளின் கண்ணில் பழங்கறி படக்கூடாது. "கலியாணம் முடிச்சு முதல்முதல் வந்த பிள்ளைக்கு நேற்றையான் கறி வைச்சவள் எண்டு குருநகர் முழுக்கக் கதைக்கும்." ஆகவே மிஞ்சுகிற கறியெல்லாம் ஒரே சட்டிக்குள் போய், அடுப்பில் சுண்டி, அரிசி வாளிக்குப் பின்னால் மறைகிறது. விடிய, அவர்கள் எழும்ப முதல், நாங்கள் இருவரும் குசினியில் நின்றபடி பாணால் வழித்துச் சாப்பிடுகிறோம். சொந்த வீட்டில் களவுச் சாப்பாடு. உண்மையைச் சொன்னால், மேசைக்குப் போகிற எல்லாவற்றையும்விட அந்தச் சுண்டக்கறிதான் திறம். முருங்கைக்காய் எது, கத்தரிக்காய் எது என்று தெரியாமல், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி. இதைப் பிலோவிடம் சொன்னால் அடி விழும்.

யூலை 8, செவ்வாய்

வெயில். காற்று குறையவில்லை. எண்ணெய் வாங்கினேன், பல்ப் மறந்துவிட்டேன்.

மனம் சரியில்லை. பின்னேரம் யூட் என்னை ஜெற்றிப் பக்கம் கூட்டிப்போனான். ஏதோ கேட்கப் போகிறான் என்று தெரிந்தது.

"அப்பா, வியாழக்கிழமை பின்னேரம் ரவுணிலை ஒரு ஹொட்டேலுக்கு மாறுவமெண்டு யோசிக்கிறம்."

"ஏன்ரா? என்ன குறை?"

"குறை இல்லை அப்பா. அதுதான் பிரச்சினை. அம்மா விடியமுதல் எழும்பிச் சமைக்கிறா. மாலினை ஒரு கோப்பை கழுவவும் விடுறா இல்லை. தான் வந்து அம்மாவைக் கஷ்டப்படுத்திறன் எண்டு அவள் இரவிலை அழுறாள்."

அவளுக்குச் சாப்பாடு போட்டே துரத்துகிறோம் போலிருக்கிறது. பிலோவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? இந்த ஒரு மாதத்துக்காக அவள் வீட்டுக்கு வெள்ளை அடிக்கவைத்தாள். அவர்கள் போய்விட்டால் அவள் உடைந்துபோவாள். நானும்தான்.

யூலை 9, புதன்

பல்ப் வாங்கியாயிற்று. பூசைக்குப் போகவில்லை (முழங்கால்).

காலையில் குசினிக்குள் கூக்குரல். பிலோ ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை பிரிட்ஜைத் திறந்து மூடி மூடியாத் தூக்கிப் பாக்குது! பசிக்குதுபோலை. நான் பட்டினி போட்டிட்டன்!"

யூட் வந்து விளங்கப்படுத்தினான். பசியில்லையாம். நாளைக்கு எங்களுக்குத் தன் ஊர்ச் சாப்பாடு ஒன்று சமைத்துத்தர ஆசையாம். பெயர் பித்திபன்னா. அதற்கு முதல்நாள் அவித்த உருளைக்கிழங்கும் முதல்நாள் மிஞ்சிய இறைச்சியும் வேண்டுமாம். மாலின் அதையே தமிழில் சொல்ல முயன்றாள்: "மாமி, எனக்குப் பழசு வேணும்."

பிலோவின் முகம் போன போக்கு!

"எங்கடை வீட்டிலை மிச்சம் மீதி ஒண்டும் கிடையாது பிள்ளை!"

அரிசி வாளியைப் பார்த்தபடியே சொன்னாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். என்னைச் சைக்கிளில் துரத்தி ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்குவித்தாள். நல்ல உருளைக்கிழங்காகப் பொறுக்கி அவித்தாள். இறைச்சியைப் பிரட்டி இறக்கினாள். நான் ஒரு துண்டு எடுக்கக் கை நீட்டினேன், தட்டிவிட்டாள்.

"தொடாதேங்கோ. அது நாளைக்கு மிச்சமாகிறதுக்கு."

புதுசாகச் சமைத்து மிச்சமாக்குகிற பெண்ணை என் வாழ்நாளில் இன்றுதான் கண்டேன். சிரிப்பை அடக்க வெளியே போய் நின்றேன்.

யூலை 10, வியாழன்

இன்றைக்குப் பின்னேரம் அவர்கள் போகிற நாள். யூட்டின் பை அடுக்கியபடி கட்டிலில். பிலோவுக்கு இன்னும் தெரியாது.

மாலின் சமைத்தாள். கிழங்கும் இறைச்சியும் தாயக்கட்டை அளவில் சின்னச் சின்னத் துண்டு, வெங்காயம், தாச்சியில் சிவக்கச் சிவக்கப் பிரட்டல். மேலே முட்டைப்பொரியல். பக்கத்தில் புளிக்கும் வினாகிரியில் ஊறிய பீற்றூட். 'தாச்சியில் சின்னத் துண்டுகள்', பெயரின் பொருளே அவ்வளவுதானாம். நல்ல ருசி. உறைப்புத்தான் காணாது, அவள் திரும்பியபோது கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டேன். கண்டுவிட்டாள். தன் சாப்பாட்டுக் கோப்பையையும் நீட்டினாள்!

படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். போன் அடங்கவில்லை.

டென்மார்க் தங்கச்சி: "அண்ணை, உதுதான் இஞ்சை பிக்ஸமாட். திங்கட்கிழமையில பிள்ளையள் உதைத்தான் கேக்குங்கள்."
லண்டனில் பிலோவின் அக்கா: ஞாயிறு மிஞ்சிய கிழங்கும் கோவா இலையும் சேர்த்துப் பொரித்தால் பபிள் அண்ட் ஸ்குவீக். தாச்சியில் கீச்சிடுமாம்.
ஜெர்மனி மச்சான்: மேலே முட்டையை அடித்து ஊற்றவேண்டும். ஏதோ பெயர் சொன்னான், எழுத வராது. வயல் செய்கிற கமக்காரனின் காலைச் சாப்பாடு என்று பொருளாம்.

உலகம் முழுக்கப் பழங்கறிதான் தின்கிறார்கள்.

மாலின் எல்லாவற்றையும் யூட்டிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, இஞ்சை என்ன?"

பிலோ கண்ணால் என்னை எரித்தாள். என் வாய் எப்போது என் சொல்லைக் கேட்டது?

"சுண்டக்கறி," என்றேன்.

சொன்ன பிறகு ஒளித்து என்ன பயன். எழும்பிப் போய்ச் சட்டியைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தேன். பிலோ சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாலின் பாணைப் பிய்த்துத் தொட்டாள். மூக்கு ஓடியது, கண் ஓடியது, கை நிற்கவில்லை. நாங்கள் விடியற்காலையில் ஒளித்துச் சாப்பிட்டதை யூட் என்னிடம் கேட்டு அவளுக்குச் சொன்னான்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், முகம் பீற்றூட்டாகச் சிவந்து. சுவீடிஷில் பொரிந்து தள்ளினாள். யூட் மொழிபெயர்த்தான்:

"அவளின்ரை வீட்டிலை ஆக்கள் வந்தால் மேசைவிரிப்பு, நல்ல கோப்பை, பெரிய சாப்பாடு. ஆக்கள் போனாப்பிறகு வீட்டுக்காரருக்கு மட்டும்தான் பித்திபன்னா. அதைத்தான் உங்களோடை இருந்து சாப்பிட ஆசைப்பட்டவளாம். நீங்கள் அவளை வெளியாளா வைச்சிருக்கிறியளாம். நல்லதெல்லாம் நீங்களே ஒளிச்சுத் திண்டிட்டியளாம்."

பிலோ தலைப்பை எடுத்தாள். அழுதிருந்தாள். பானையிலிருந்த சோற்றைச் சட்டிக்குள் கொட்டி, அடியைச் சுரண்டி, கையால் குழைத்தாள். எங்கள் வீட்டில் குழையல் யாருக்கும் கோப்பையில் போவதில்லை, உருட்டி உள்ளங்கையில்தான். நான் நீட்டினேன். மாலினும் நீட்டினாள்.

யூட் போனோடு முற்றத்துக்குப் போனான்.

"சாப்பிடேக்கை எங்கையடா போறாய்?"

"ஒரு கோல் அம்மா. ஒண்டை வேண்டாமெண்டு சொல்லோணும்."

ஹொட்டேலுக்குத்தான் என்று விளங்கியது, கண்ணைத் துடைத்தேன். உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டு எவ்வளவு காலம்.

யூட் ஓடிவந்து கை நீட்டினான். மாலின் அவன் உருண்டையைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள். "மாமி, அவன்ரை பெரிசு."

"பொறடி, இன்னும் கிடக்கு."

'பிள்ளை' போய் 'டி' வந்துவிட்டது. இரவு மிஞ்சிய மீன்குழம்பையும் வாழைக்காயையும் இருவருமாகச் சுண்டவைத்தார்கள். மாலின் கிண்ட, பிலோ அதிகாரம்.

யூலை 11, வெள்ளி

காற்று தணிவு. எஞ்சின் சரியாம், பின்னேரம் போய் எடுக்கவேண்டும்.

பாண் வாங்கிக்கொண்டு வந்தால் குசினிக் கதவு உள்ளே பூட்டு. பிலோவின் சிரிப்பு. மாலினின் சிரிப்பு. ஒருத்தியின் மொழி மற்றவளுக்குச் சரியாகத் தெரியாது, என்ன சிரிப்போ. தட்டினேன்.

"ஆர்?"

"நான்தான். சுண்டக்கறி?"

"முடிஞ்சுது," என்றாள் மருமகள்.

"நீங்கள் மேசையிலை போய் வடிவா இருங்கோ," என்றாள் பிலோ. "உங்களுக்குப் புதுசாச் சமைச்சுத் தாறம்."