ரெண்டு ஹெச், ரெண்டு ஐ

ஜனவரி 20, சனி

பன்னிரண்டு கட்டிலில் ஒன்பது கடையிலேயே கிடக்கின்றன. மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்ததிலிருந்து, பூந்தமல்லி ரோட்டில் போகிறவர்களுக்கு இப்படி ஒரு கடை இருப்பதே தெரியவில்லை. நோயாளிக் கட்டிலை வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனில் தேடுகிறார்கள். வெப்சைட் போடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மாடி வீட்டுக் கனிமொழி ஐடியில் இருக்கிறாள். "ஊர் பேரும் பொருளும் அட்ரஸ்லயே இருக்கட்டும்க்கா. பதட்டத்துல இருக்கறவங்க அடிக்கிற மாதிரி வைங்க" என்றாள். பூந்தமல்லியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நான்கு விதம் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

இவர் பெயர் பார்ப்பவரிடம் போய் வந்திருக்கிறார். கடைக்கு மகள் பெயர்தான், எழில். ஆங்கிலத்தில் ஒரு ஹெச், ஒரு ஐ கூடச் சேர்த்தால் கூட்டுத்தொகை ஒன்பது வருமாம். வெப்சைட்டுக்கும் அதுதானாம்.

"ஒம்போது வந்தா ஏறுமுகந்தான் ரேவதி."

"அதை யாருங்க அப்படி அடிப்பாங்க?"

"வர்றவன் வருவான். நீ கம்முனு கெட."

நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பெயரைக் கோடு போட்டு அடித்தேன். வேறென்ன செய்வேன்?

ஜனவரி 24

பதிவு செய்தாகிவிட்டது. இனி எழுத்தைத் திருத்த முடியாதாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

போனில் ஒருவருக்கு இவர் வெப்சைட் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். "ரெண்டு ஹெச் சார்... இல்ல, ஐயும் ரெண்டு." மூன்றாவது தடவை அந்த ஆள் வைத்துவிட்டார். அவர் வீட்டில் யாருக்கு என்னவோ, பாவம்.

பிப்ரவரி 19, திங்கள்

நானே நம் கடையை அந்த எழுத்திலேயே போனில் தேடிப் பார்த்தேன். நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து, போன் அதுவாகவே திருத்திக்கொண்டு, மண்ணூர்பேட்டையில் இருக்கும் இன்னொரு 'எழில்' கட்டில் கடையைக் காட்டுகிறது. என்னத்தச் சொல்ல.

மார்ச் 4, திங்கள்

அந்தக் கடைக்காரர் வேலுசாமி கூப்பிட்டார். "உங்க ஆளுங்க எனக்குப் போன் பண்றாங்கம்மா. நேத்து சென்னீர்குப்பத்துல இருந்து ஒருத்தரு, உங்க கட்டிலு தலைமாடு ஏற மாட்டேங்குதுன்னு என்னைப் புடிச்சித் திட்டிக்கினு கீறாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியவர் நம்பரையும் அனுப்பினார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 6

இவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. நேராகப் பெயர் பார்ப்பவரிடம்தான் போனார். ஒரு மண்டலம் பொறுக்கணுமாம். நாற்பத்தெட்டு நாள்! எனக்கு அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 2

ஒரு போன்கூட இல்லை.

ஏப்ரல் 24, புதன்

மண்டலம் முடிந்தது. கடையும் முடிந்தது. பன்னிரண்டு கட்டிலையும் வேலுசாமியே தன் 'எழில்' கடைக்கு எடுத்துக்கொண்டார். "கட்டிலை மாட்டத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும், நீங்களும் வந்துருங்க" என்று இவரையும் கூப்பிட்டார். கட்டில் ஏற்றிய வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்த இவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஷட்டரை இறக்கினேன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. எழில் படிவம் கொண்டுவந்தாள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் இத்தனை வருஷமும் சொந்தத் தொழில் என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்று தனியார் வேலை என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தாள். "அப்பா இன்னும் எழில்லதானம்மா இருக்காரு?"

ஆமாம் என்றேன்.

கையெழுத்துக்கு இவரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தார். போட்டுக்கொடுத்தார்.