எறும்பு மாறிப் போன எடம்

என் கோவக்காரிக்கு,

போன்ல சொன்னா கத்துவ, அதான் கடுதாசி. நம்ம கெழட்டுப் பூனை தொரைக்கு சீனி வருத்தம் கொறஞ்சிருச்சு. ரெண்டு வேளையும் தின்ன வச்சு ஊசி போடுறேன். உன்னையக் குத்துறதா நெனச்சுக்கிட்டா கை நடுங்கல!

நான் கிளினிக்குக்குப் போனா அவரு ஊசி நேரம் தப்பும். அதனால போகல. என் போத்தல்ல மிச்சம் இருந்த இன்சுலினையும் அவருக்கே வச்சிட்டேன்.

அவரு மூத்திரத்துல எறும்பு மொய்ச்சதப் பாத்துத்தானே நீ வருத்தத்தக் கண்டுபிடிச்ச? இப்ப அங்க ஒண்ணுமில்ல. எல்லாம் நான் ஒண்ணுக்குப் போற எடத்துக்கு வந்திருச்சு. எனக்கும் தொரைக்கும் வித்தியாசம் தெரியாத குருட்டு எறும்பு! கால் வெரல் ஒண்ணு கறுத்திருக்கு. வலியே இல்ல, பயப்படாத.

பேத்தி பொறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடிஞ்சதும் மக வீட்டுல இருந்து வந்திரு. தொரைக்கு ஊசி போட இன்னொரு ஆள் வேணும்.

இப்படிக்கு,
உன் இனிப்பு மாப்பிள்ளை