மெத்தைகளை வெயிலில் போட்டு வை

மார்ச் 3

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். மே பத்தாம் தேதி வருகிறோம், மூன்று வாரம். டிக்கெட் எடுத்தாயிற்று. வழக்கம்போல மாடி அறையைத் திறந்து மெத்தைகளை வெயிலில் போட்டு வை. போன தடவை ஈர வாடை அடித்தது என்று உன் அண்ணி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பிள்ளைகள் அத்தை சமையலுக்காக இப்போதே நாள் எண்ணுகிறார்கள். ஆஸ்பத்திரியில் லீவுக்கு இன்றே எழுதிக் கொடு. கடைசி நேரத்தில் எக்ஸ்ரே அறைக்கு ஆள் இல்லை என்று கையை விரித்துவிடப் போகிறார்கள்.

மே மாதம் ஏதோ தீவுக்குப் போவதாக ஜனவரியில் எழுதியிருந்தாயே, அதைப் படித்து நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முழங்கால் தண்ணீரில் இறங்கவே அலறியவள் நீ. உன் குறும்பு மட்டும் குறையவேயில்லை.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிரித்தது நல்லதுதான். ஆனால் நான் வேடிக்கைக்கு எழுதவில்லை. மே எட்டாம் தேதி கிளம்புகிறேன். லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன், தீவுக்கு.

கரையை ஒட்டி ஒரு சின்ன விடுதி. நடத்துகிற அம்மாளிடம் பேசிவிட்டேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேலே மிதந்தபடி மீன்களைப் பார்க்கலாமாம். அதற்காக நவம்பரிலிருந்து நீச்சல் கற்றுக்கொள்கிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "அக்கா, கம்பிய விடுங்க, நான் இருக்கேன்ல" என்று கத்திக்கொண்டே இருப்பாள். போன மாதம்தான் குளத்தோரக் கம்பியை விட்டுவிட்டு மிதந்தேன்.

நாள் முழுக்க இருட்டறையில் நின்று, "மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்று அடுத்தவர்களுக்குச் சொல்கிறவள் நான். கடலுக்குள் என் மூச்சைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்கிறேனே. நீங்கள் தாராளமாக வாருங்கள். வீடு இருக்கிறது, நான்தான் இருக்க மாட்டேன்.

அன்புடன்,
தங்கை

மார்ச் 25

தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணியிடம் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வருகிறோம். அந்த நேரம் பார்த்துத்தான் உனக்குக் கடல் ஞாபகம் வருகிறதா? அதுவும் தன்னந்தனியாக. அப்பா இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாயா? உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? போன வருடம் குக்கர், அதற்கு முந்தின வருடம் மிக்ஸி, பார்த்துப் பார்த்துத்தானே வாங்கி வந்தேன்?

அடுத்த வருடம் எல்லோருமாகப் போகலாம், நானே கூட்டிப் போகிறேன். இந்தத் தடவை தள்ளி வை.

அண்ணன்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுதுவிட்டு ஒத்துக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தள்ளி வைக்க மாட்டேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது தள்ளி வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு மே மாதமும் உங்களுக்காகத் தள்ளி வைத்தேன். உனக்கு விடுமுறை என்றால் எனக்கு அடுப்படி. வருகிறோம் என்று எழுதுகிறாயே தவிர, "வரட்டுமா?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? நீ வாங்கி வந்த குக்கரில் சமைத்தது உங்களுக்குத்தான். கோபமாகத்தான் எழுதுகிறேன், கோபமாகவே படி. எல்லோருமாகத் தீவுக்குப் போனால் அங்கேயும் நான்தான் ஈரத் துண்டுகளைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார். திட்டு வாங்கிக்கொண்டே கிளம்பியிருப்பேன்.

சாவி பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் இருக்கும். குளியலறைக் கதவைக் கொஞ்சம் தூக்கினால்தான் தாழ்ப்பாள் நகரும். அடுப்பில் இடது பக்கம் பற்றாது, அதோடு மல்லுக்கட்டாதே.

தங்கை

மே 19

அன்புள்ள குண்டூசிக்கு,

விடுதி முகவரியைத் தையல்காரர் கொடுத்தார். பத்திரமாக இருக்கிறாயா?

வந்த முதல் நாளே குளியலறைக் கதவோடு சண்டை. தூக்க வேண்டும் என்று அண்ணியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் உள்ளே மாட்டிக்கொண்டு, அக்கம்பக்கமே கூடிவிட்டது. மாடி அறையில் மெத்தை வாடையும் மின்விசிறி இல்லாத புழுக்கமும் தாங்காமல் நான் கீழே உன் அறைக்கு வந்து படுத்தேன். அங்கே விசிறி இருந்தது. மாடி விசிறி எங்கே என்று தையல்காரரிடம் கேட்டேன். "அது தங்கச்சி ரூம் விசிறிதான். வருஷா வருஷம் நீங்க வர்றப்ப நான்தான் கழட்டி மேல மாட்டுவேன். இந்தத் தடவ வேண்டாம்னுட்டாங்க" என்றார். ஒவ்வொரு மே மாதமும் நீ விசிறியில்லாமல் படுத்திருக்கிறாய், அது எனக்குத் தெரியவே தெரியாது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாங்கள் முப்பத்தொன்றாம் தேதி கிளம்புகிறோம். உன்னைப் பார்க்காமல் போவது மனதுக்கு என்னவோ போலிருக்கிறது. ஒரு வாரம் முன்னதாக வந்துவிடேன். அண்ணியாலும் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

உன் அண்ணன்

மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

விசிறியைப் பற்றி நீ எழுதியதைப் படித்து அழுதேன். அடுத்த பத்தியைப் படித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முதலில் எழுதியது என் அண்ணன், பிறகு எழுதியது வழக்கமாக வரும் விருந்தாளி. அண்ணனை மட்டும் எனக்கு வேண்டியிருக்கிறது.

முன்னதாக வர மாட்டேன். இன்னும் ஒரு வாரம் நீட்டியிருக்கிறேன், ஜூன் ஏழாம் தேதிதான் வருவேன். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நடுங்கினேன். இப்போது கையை விரித்து மிதக்கிறேன். நேற்று ஒரு மஞ்சள் மீன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மூச்சைப் பிடித்தேன், அசையவில்லை. அது போகிற வரைக்கும் உங்கள் யாருடைய நினைப்பும் எனக்கு வரவில்லை.

அடுத்த மே மாதம் வர ஆசைப்பட்டால் முதலில் கேள். வேண்டாம் என்றும் சொல்வேன், அதற்கும் தயாராக இரு. வந்தால் முதல் நாள் நீ சமைக்க வேண்டும்.

சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிடு. கிளம்புவதற்கு முன் மெத்தைகளை வெயிலில் போட்டு எடுத்து வை.

அன்புடன்,
குண்டூசி