சாஃப்ட்னர் பாட்டில் ஜிமிக்கி

குமுதா அக்கா,

மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடு. நீ வாசலில் வைத்த குப்பைப் பையை உள்ளே எடுத்துவிட்டேன், குப்பை லோரியில் போடாதே. நேற்று நீ காலி பாட்டில்களை வெட்டிச் செய்த தோடுகளை "எல்லாம் குப்பை லா" என்றது என் வாய்க்கொழுப்பு. அதற்காக அத்தனையையும் எறிவாயா?

பையைப் பிரித்ததும் அந்த நீல ஜிமிக்கி வெயிலில் சுடர்ந்தது. கடல் வரும் எத்தனையோ நாவல்கள் படித்திருக்கிறேன்; இந்த நீலம் எதிலும் இல்லை. துணிக்கு ஊற்றும் சாஃப்ட்னர் பாட்டிலுக்குள் இதை எப்படி அக்கா பார்த்தாய்? போட்டுக்கொண்டுதான் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகிறேன்.

யாழினி

பி.கு: இதை எழுதத்தான் மறுபடி மேலே வந்தேன். லிஃப்டில் கீழ்வீட்டு ரசியா ஆன்டி, "எந்த நகைக்கடைமா? மக கல்யாணத்துக்கு எனக்கும் வேணும்" என்றார். அக்கா செய்தது என்றேன். நம்பவில்லை. சாயங்காலம் வருவார், நீ வெட்டியது போக மிச்ச பாட்டிலைக் காட்டு.