பின்கட்டையில் இரண்டு விரல்

பொம்மனஹள்ளி ரெட்டி நேற்று வந்திருந்தார். ராகி முற்றிவிட்டதாம், அவர் வயலில் காட்டுப்பன்றி இறங்க ஆரம்பித்துவிட்டதாம். அவர் போன பிறகு அலமாரியைத் திறந்து நம் ரைபிளை எடுத்தேன். ஆளிவிதை எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. மாதம் தவறாமல் அதன் கட்டைக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தவர் நீங்கள். அதைத் தவிர வேறு எதையும் அதற்குச் செய்யவிடாதவரும் நீங்கள்தான்.

நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய துப்பாக்கி. வாங்கிய நாளிலிருந்தே தகராறு. விசை இழுக்கக் கனம், குழல் முனையில் குறிமுள் தடிமன் என்று நான் ஏதாவது மாற்றச் சொல்வேன். கம்பெனி முத்திரை போட்டு வந்தது உங்களுக்கு வேதவாக்கு. "செஞ்சவன் தெரியாமலா செஞ்சான்? நம்ம ஊரு ஆசாரி வந்து திருத்தணுமா?" என்பீர்கள். உங்களோடு பேசி ஜெயித்தவர் காக்ஸ் டவுனில் எவருமில்லை, உங்கள் மனைவி உட்பட.

தோளில் பதியும் பின்கட்டை விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை. அது நீளக் கைக்காரனுக்கு அளவெடுத்தது. கடையில் தோளில் வைத்துப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது சித்திரை வெயில், இருவரும் மெல்லிய மல் சட்டையில் இருந்தோம். பன்றி வருவதோ மார்கழியில், நாம் கனத்த கம்பளிக் கோட்டில் நிற்கும்போது. அந்தக் கோட்டின் தடிமனை நாம் இருவருமே யோசிக்கவில்லை.

முதல் வருஷம் ரெட்டியின் வரப்பில், விடியும் நேரத்தில், அது தெரிந்தது. பன்றி எதிரே நின்றது. நீங்கள் துப்பாக்கியைத் தூக்கினீர்கள், கட்டையின் அடி கோட்டில் சிக்கி அக்குளிலேயே நின்றுவிட்டது. இழுத்து விடுவிப்பதற்குள் பன்றி ராகிக்குள் போய்விட்டது. அந்த வருஷம் ரெட்டிக்குப் பாதி விளைச்சல்தான் கிடைத்தது. மனிதர் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கட்டையை ரெண்டு விரல் அளவு வெட்டிடலாங்க" என்றேன் திரும்பும்போது.

"வெட்டினா ஒட்ட முடியுமா? அது அப்படியே இருக்கட்டும். நான் வேற வழி பாக்கறேன்."

நீங்கள் பார்த்த வழி போன மார்கழியின் முதல் நாட்களில் தெரிந்தது. வரப்புக்குப் போனதும் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மல் சட்டையோடு பனியில் நின்றீர்கள். போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். உங்கள் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. வெகுநேரம் கழித்துப் பன்றி வந்தது. ஒரே வேட்டு, விழுந்தது.

சுட்டவருக்குத் தொடை என்பது அங்கே வழக்கம். ரெட்டி அதை உங்கள் வீட்டுக்கு அனுப்பியபோது நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். பார்க்க வந்த என்னிடம், மூச்சு வாங்க, "பாத்தீங்களா, கட்டைல ஒரு குறையும் இல்ல" என்றீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

இன்று காலை கோட்டைப் போட்டுக்கொண்டு துப்பாக்கி ரிப்பேர் கடைக்குப் போனேன். "கம்பெனி அளவு போயிடும் சார், பரவாயில்லையா?" என்று கேட்டார் கடைக்காரர். நீங்களே கேட்டது போலிருந்தது. வெட்டச் சொன்னேன். கட்டையின் அடியில் இருந்த தகட்டைக் கழற்றி, மரத்தை அறுத்து, மறுபடி தகட்டைப் பொருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தோளுக்கு ஏற்றிப் பார்த்தேன். கோட்டில் உரசாமல் வந்து உட்கார்ந்தது. நாளை ரெட்டியின் நிலத்துக்குப் போகிறேன்.

உங்கள் பேச்சு வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், அழுவேன் என்று. எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அரைமணி நேர வேலைக்கு இப்படியா பிடிவாதம் பிடிப்பது? இந்தக் கோபம் ஆறிவிட்டால் உங்களோடு பேச எனக்கு வேறு எதுவும் இருக்காது. அதனால் ஆறவிடாமல் வைத்திருக்கிறேன்.