மூன்று மையில் என் முகம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. எதிர் வீடே தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல் எங்கள் கள்ளிக்குப்பம் மறுபடி கண்ணுக்கு வந்தது.

கூடவே கொரியர். மகள் கலாவின் போட்டோ கடைக்கு மூன்று பெட்டி மை, மூன்றும் வேறு வேறு கம்பெனி. பெட்டிக்கு ஆறு குப்பி. ஆறும் கறுப்புதான், ஒன்றைவிட ஒன்று வெளிறியது. கடைசிக் குப்பி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. கறுப்பில் இத்தனை!

பிரிண்ட் போடும் மெஷினில் கலர் மை ஊற்றும் இடத்தில் இதை ஊற்ற வேண்டும். சாதாரண மெஷின் கலர்களைக் கலந்துதான் சாம்பல் காட்டுமாம். அதனால் ட்யூப் லைட்டில் பச்சை அடிக்கும், வெயிலில் ரோஸ் அடிக்கும். எனக்குப் புதிதில்லை. முப்பது வருஷம் எஸ்டேட் ஃபேக்டரியில் பெயிண்ட் அடித்தவன்.

"என் கண்ணைவிட உன் கண்ணுதாம்பா கரெக்ட். எந்த மைன்னு நீதான் சொல்லணும்" என்றாள்.

மகள் என்னைக் கேட்கிறாள். இதை எழுதி வைக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

மை வாங்கிய காரணம்: புது ஃப்ளாட்டில் ஒரு கோயமுத்தூர் சார். ஏரியில் மீன் பிடிக்கிறவர்களை இருபது போட்டோ எடுத்திருக்கிறார். எல்லாம் கறுத்த முகம். வேறு கடையில் போட்டதில் முகமெல்லாம் தார் பூசியதுபோல் ஆகிவிட்டது. சனிக்கிழமை மாதிரிப் படம் பார்க்க வருகிறார். பிடித்தால் இருபதும் கலாவுக்கு. கடை திறந்த பிறகு முதல் பெரிய வேலை.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில். மையோடு வந்த மாதிரிப் படத்தில் வெள்ளைக்காரப் பெண். பால் நிறம்.

"இந்த மூஞ்சில எந்த மையும் நல்லாத்தான் இருக்கும். நீ உக்காருப்பா" என்று என்னைப் படம் எடுத்தாள்.

என் மனைவி ராணி சமையற்கட்டிலிருந்து: "உங்கப்பன் மூஞ்சிய அடிச்சா மை சீக்கிரம் தீந்துடும்டி!"

சிரித்ததில் டீ வேட்டியில்.

மை 1 - வெள்ளை சுத்தம். கன்னம், தாடை, கழுத்து எல்லாம் ஒரே கறுப்பு. நாற்காலியில் சட்டை மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

மை 2 - கன்னம் உண்டு. ட்யூப் லைட்டில் லேசாகப் பச்சை.

ஒரு மையைக் கழுவி அடுத்ததை ஊற்ற அரை நாள். மூன்றாவது மை நாளைக்கு.

பிப்ரவரி 5, புதன்

மை 3 - முதலில் அடைப்பு. நெற்றியில் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு, திருநீறு பூசிய மாதிரி. கலா மெஷினைச் சுத்தம் செய்து மறுபடி போட்டாள். கரியில் செய்த மை. தாடைத் தழும்புகூடத் தெரிகிறது. ஆனால் கொஞ்சம் பழுப்பு.

"சாருக்குப் பிடிக்குமா?" என்றாள். எனக்கும் இரண்டா மூன்றா என்று குழப்பம்.

பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று மூன்றையும் தெருப்பக்கக் கண்ணாடியில் ஒட்டினோம். மை நம்பர் பின்பக்கம். முன்பக்கம் முகத்துக்குக் கீழே பெரிதாக என் பேரும் இன்றைய தேதியும் எழுதினேன். அரை மணி நேரம். அழகாக வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

தெருவில் அழுகைச் சத்தம். பட்டாபிராம் முனுசாமி. என்னோடு பெயிண்ட் ஷாப்பில் இருந்தவன். கையில் ரோஜா மாலை! கண்ணாடியில் தலை வைத்து, "சொல்லாம கொள்ளாம பூட்டியே அண்ணாத்தே!"

வெளியே போய், "இன்னா முனுசாமி, டீ சாப்பிடுறியா?" என்றேன்.

மாலையைப் போட்டுவிட்டுப் பத்தடி ஓடினான். திரும்பி வந்து திட்டினான்: "கறுப்பு வெள்ளையில மூஞ்சி, கீழ பேரு, தேதி! பாக்கறவன் இன்னானு நெனைப்பான்?"

உண்மைதான். என் தப்பு.

கலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, மூணு கீதே, எதைப் பாத்து அழுதீங்க?"

"இதான் கண்ணு. இதுல பேசிடுவாரு போலக் கீறாரு. அது ரெண்டும் வெறும் போஸ்டரு."

திருப்பிப் பார்த்தாள். 3.

ராணி மட்டும் சிரிக்கவில்லை. மூன்றையும் பிய்த்து அடுப்பில் போட்டாள். எனக்கு உப்பு, மிளகாய் சுற்றினாள். "இனிமே இவரு மூஞ்சி கறுப்பு வெள்ளையில இந்த ஊட்ல இருக்கக் கூடாது."

மை கிடைத்துவிட்டது. காட்ட முகம் இல்லை. கலா சாப்பிடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

மேகமூட்டம். மத்தியானம் ராணி சுங்குடிச் சேலை கட்டி வந்து கடை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எடுடி."

கல்யாணப் படத்தில் அவள் முகம் ஒரு கறை. அதற்குப் பிறகு காமிரா முன்னால் நின்றதே இல்லை.

"உனக்குத்தான் போட்டோன்னாலே ஆவாதேம்மா?"

"அவரு மூஞ்சி வேணாம். எதுனா ஆவணும்னா எனக்கு ஆவட்டும். எடு."

வேண்டாம் என்றேன். சத்தமாகவே.

"நீ சும்மா கெடய்யா. பொண்ணு வேலை கெடக் கூடாது."

கலா எடுத்து மூன்றாம் மையில் போட்டாள்.

பிப்ரவரி 8, சனி

நல்ல வெயில். பத்து மணிக்கு சார் வந்தார். ராணி படத்தை வாசலில் பார்த்தார். உள்ளே ட்யூப் லைட்டில் பார்த்தார். மறுபடி வாசல். கலா நகம் கடித்தாள். நானும்.

"யாருங்க இது?"

"எங்கம்மா சார்."

"என் படம் இருபதும் இதே மையில போட்டுருங்க."

கலா என் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

அவர் போன பிறகுதான் ராணி படத்தைக் கையில் எடுத்தாள். மூக்குத்தி மினுங்குகிறது. கன்னத்து மேடு, கண்ணோரச் சுருக்கம், எல்லாம் தனித்தனியாக. வெகுநேரம் பார்த்தாள்.

"நான் இப்பிடியா கீறேன்?"

"ஆமா. ரொம்ப நாளா."

முறைத்தாள். படத்தை முந்தானையில் துடைத்து, பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனாள். அங்கிருந்து அடுத்த வீடு. இப்போது தெருமுனையில் அவள் குரல் கேட்கிறது. மணி ஒன்று. அரிசியை நானே களைந்து வைத்தேன்.