பூனைக்கு ஒரு பிடி தேயிலைப் பஞ்சு

நங்கையா,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நேற்று ஜெகதளா கடைவீதியில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ஒரு சாக்குக்குள் முகத்தை விட்டு மோந்துகொண்டு நின்றேன். மல்லிகைப்பூ மூட்டை என்றாலும் பரவாயில்லை. தேயிலைக் கழிவு. தூளைச் சலித்தபின் மிஞ்சுமே, பஞ்சு மாதிரிப் பறக்கிற நார், அதுதான். உரக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“ஏனுங்க்கா, அது டீத்தூள் இல்லீங்க. செடிக்குப் போடறதுங்க.”

“தெரியுமுங்க. என்ற பூனைக்கு வேணும்.”

“பூனை டீ குடிக்குதுங்களா?”

“பால்தான் குடிக்குதுங்க. குடிச்சதுக்கப்புறம் நடக்கறதுக்குத்தான் இது.”

அவருக்கு விளங்க கொஞ்சம் நேரம் ஆனது. விளங்கியதும் இரண்டடி தள்ளி நின்று எடை போட்டார்.

பாதி கருகின மாதிரியும் பாதி ஈர வைக்கோல் மாதிரியும் ஒரு வாசனை. மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி வந்து ரோட்டை மூடிக்கொண்டது. முன்னால் நீங்கள் நடந்து போவது போலவே இருந்தது. கூப்பிட்டால் திரும்புவீர்கள் போல. கூப்பிடவில்லை. திரும்பாமல் போய்விட்டால் என்ன செய்வது?

என் வீட்டுக்காரரின் அக்கா என்பதால் நங்கையா என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இது. நீங்கள் முதன்முதலாக இந்த மலைக்கு வந்ததும் ஒரு மஞ்சு நாளில்தான். கோபியில் என் கொழுந்தனார் வீட்டில் இருந்தீர்கள். பூனையால் சண்டை என்று எங்களுக்குச் சேதி வந்தது. பின்னாலேயே நீங்கள் வந்தீர்கள். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் ஒயர் கூடை. கூடைக்குள் துண்டு போர்த்தி, முகம் மட்டும் வெளியே தெரிய ஒரு வெள்ளைப் பூனை. மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுக்கு வளைவு பஸ்ஸில் எல்லாரும் வாந்தி எடுத்தார்களாம், பூனை மட்டும் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்ததாம். அதை நீங்கள் சொன்ன பெருமையைப் பார்க்கவேண்டுமே! பிள்ளை பாஸான மாதிரி.

கீழ்நாட்டில் அதற்கு வீட்டுக்குப் பின்னாலேயே மணல். தோண்டும், போகும், மூடும், வரும். இங்கே ஐப்பசி மழை. மண் எல்லாம் களி. கதவைத் திறந்தால் மஞ்சு உள்ளே வரும், பூனை வெளியே போகாது. வாசற்படியில் உட்கார்ந்து, தன்னைவிடப் பெரிய வெள்ளைப் பூனை ஏதோ வந்து நிற்கிறது என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்து முடித்ததும் திரும்பி வந்து, உங்கள் தம்பி ஆபீசுக்குப் போடுகிற ஷூவுக்குள் வேலையை முடித்துக்கொள்ளும்.

முதல் தடவை அவர் ஷூவைக் கழுவினார். அடுத்த தடவை பேசினார்.

“அக்கா, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கேரட் லாரி கீழ எறங்குது. டிரைவர்கிட்டச் சொல்லிட்டேன். மேட்டுப்பாளையம் மண்டில எலி நெறைய. உன்ற பூன நல்லாப் பொழச்சுக்கும்.”

நீங்கள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தீர்கள். கை நிற்கவில்லை. “டிரைவர்கிட்ட ரெண்டு பேருன்னு சொல்லிப்போடு கண்ணு. பூன எறங்குனா நானும் எறங்கறேன்.”

எறங்கி எங்கே போவீர்கள்? கோபிக் கதவு சாத்தியாயிற்று. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் வந்து சில வாரம்தான். ஆனாலும் அதற்குள் எனக்குப் பழக்கம் கெட்டுப்போயிற்று. பொழுதோடு தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்தால் பேச ஆளிருக்கிறது, நான் கிண்டல் பண்ணினால் திருப்பிக் கொடுக்க வாயிருக்கிறது. அந்த வீட்டில் அதற்கு முன்னால் தகரத்தில் விழுகிற மழைதான் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் நானும் பூனைக் கட்சியில் சேர்ந்தேன்.

பேப்பரைக் கிழித்துப் போட்டோம். பூனை அதில் படுத்துத் தூங்கியது. அடுப்புச் சாம்பல் போட்டோம். ஒழுங்காகப் போனது, அதே சாம்பல் காலோடு உங்கள் தம்பியின் வெள்ளைச் சட்டை மேல் நடந்து திரும்பியது. மரப்பட்டறையில் தைல மரத்தூள் வாங்கி வந்தேன். அன்றைக்குப் பூனை போட்ட தும்மலில் பக்கத்து வீட்டுப் படகரம்மா, யாருக்குச் சளி என்று கஷாயம் கொண்டு வந்துவிட்டார். வீணாக்கக் கூடாது என்று நீங்கள் குடித்தீர்கள்.

தேயிலைப் பஞ்சு என் யோசனை. அப்போது நான் தூள் சலிக்கிற இடத்தில்தானே வேலை. ஆனால் அந்தக் கழிவு கேட்டை விட்டு வெளியே போவது லேசில்லை. நல்ல தூளில் கலந்து விற்றுவிடுவார்கள் என்று கெடுபிடி. தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீ மேக்கர் சிரித்துக்கொண்டே சரி என்றார், வாட்ச்மேன் விடவில்லை. “பூனைக்குன்னா பூனையக் காட்டு” என்று பையோடு என் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் தூக்கத்தில் சிரிக்கிறேன். பழைய முறத்தில் பஞ்சைப் பரப்பி வைத்தோம். வாட்ச்மேன் காக்கி உடுப்போடு முக்காலியில் உட்கார்ந்தார். பூனை அவரைப் பார்த்தது. அவர் பூனையைப் பார்த்தார். நீங்கள் டீ கொடுத்தீர்கள்.

“குடிங்க. அதுக்கு வர்றப்பத்தானுங்களே வரும்.”

“நான் பாக்காமப் போனா எனக்கு வேல போயிருமுங்க.”

“நீங்க இப்பிடி மொறச்சுப் பாத்தா யாருக்குங்க வரும்? சித்த அந்தப் பக்கம் திரும்புங்க.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். மழை பெய்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துப் பஞ்சு சரசர என்றது. வாட்ச்மேன் திரும்பி, எட்டிப் பார்த்து, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “சரிங்க, நெசந்தானுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். ஈரம் பட்டால் பஞ்சு சாயம் விடும் என்று எனக்கே தோன்றவில்லை பாருங்கள், பொழுதன்னைக்கும் அதிலே கிடக்கிறவளுக்கு. மறுநாள் பூனையின் நாலு காலும் பழுப்பு. தரை, பாய், ஜமுக்காளம் எல்லாம் பழுப்புப் பூ. உங்கள் தம்பி நடு வீட்டில் நின்று பார்த்தார்.

“வெள்ளப் பூனையக் கொண்டாந்து டீ போட்டுட்டீங்களே ரெண்டு பேரும்! சக்கரை போட்டாச்சா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கெழம லாரி” என்றார். அதற்கு அதிக நாள் இல்லை.

அப்போதுதான் நீங்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனீர்கள். சமையலறைக்குப் பின்னால், அதே தகரக் கூரைக்குக் கீழே நம் கக்கூஸ். பீங்கான் மேல், கால் வைக்கிற இரண்டு மேட்டையும் அணைத்தாற்போல் முறத்தை வைத்தீர்கள்.

“நங்கையா, முறம் லச்சுமியுங்க. அங்க வைக்கலாமுங்களா?”

“பிஞ்ச முறம் அம்மிணி. அவ எறங்கிப் போயி எந்தக் காலமோ.”

முறத்தின் நடுவில் கத்தியால் ஒரு சின்ன ஓட்டை, பூனையையும் நம்மைப் போலவே அங்கே போகப் பழக்க. விடிந்தால் அந்த ஓட்டை கொஞ்சம் பெரிதாகும், பஞ்சு ஒரு பிடி குறையும். எனக்குப் பொறுமை இல்லை. ஒரேயடியாக எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். “ஒரேயடியா எடுத்தா யாருக்குத்தான் தாங்கும்? பிடி பிடியாக் கொறைக்கோணும்” என்றீர்கள்.

காலையில் எழுந்து பின்கதவைத் திறந்தால் மஞ்சு சமையலறை வரைக்கும் வந்து நிற்கும். அதற்குள்ளே எங்கேயோ உங்கள் குரல் மட்டும் கேட்கும். முக்காலி போட்டு, கம்பளி போர்த்தி, கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து பூனையோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பீர்கள். கோபி வாய்க்காலில் தண்ணீர் விட்டது, வாய்க்கால் கரையில் மயில் வந்தது. பூனை பதில் சொன்னதா என்று தெரியாது. நடுநடுவே நீங்கள் “ஆமா, ஆமா” என்பீர்கள். பாலைக் காய்ச்ச வந்தவள் காய்ச்சாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இது முடியவே வேண்டாம் என்று தோன்றும்.

சனிக்கிழமை முறத்தில் விளிம்பு மட்டும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அதையும் எடுத்துவிட்டீர்கள். உங்கள் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே திரும்பவும் களைந்தேன்.

உங்கள் தம்பி எழுந்தார், வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார், கதவை லேசாகத் திறந்தார். திறந்த கதவை மெதுவாகச் சாத்தினார். வந்து நம் பக்கத்தில் நின்றார், வாளி கையிலேயே இருந்தது.

“என்ன கண்ணு?” என்றீர்கள்.

“உள்ள ஆளிருக்குது” என்றார்.

லாரி வந்து ஹாரன் அடித்தபோது அவர்தான் வெளியே போய், ஒன்றுமில்லை போ என்று கையாட்டினார். நீங்கள் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். நான் அழுதேன். கேட்டதற்கு விறகுப் புகை என்றேன். “அடுப்பே இன்னும் பத்த வெக்கலையே அம்மிணி” என்றீர்கள். உங்களிடம் எதை மறைக்க முடிந்தது?

அந்தப் பூனை கிழமாகிப் போய்ச் சேர்ந்தது. போன மாசியில் நீங்களும் போனீர்கள். சனம் எல்லாம் கலைந்த பிறகு, உங்கள் சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் வந்தது, பிடி பிடியாக என்று அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான். முதலில் டம்ளரை எடுத்தேன். ஒரு வாரம் கழித்துச் செருப்பு. அப்புறம் கொடியில் கிடந்த சேலை. கம்பளியை இன்னும் எடுக்கவில்லை. ராத்திரி குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறேன். அது கடைசிப் பிடி. அவசரமில்லை.

போன வாரம் மழையில் உங்கள் தம்பி ரெயின்கோட்டுக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் பூனைக்குட்டி. “செடிக்கடியில கெடந்துது” என்றார். இப்போது நாங்கள் இருக்கிற வீட்டில் நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து, பஞ்சு பரப்பி, இன்று காலை முதல் பாடத்தைத் தொடங்கினேன். அப்போது கரண்ட் இல்லை. உங்கள் தம்பி கண்ணாடி போடாமல் உள்ளே போய், தட்டின் மேல் உட்கார்ந்தார். தட்டு உடைந்தது. அவர் எழுந்து குளித்தார், டீ குடித்தார், குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வேறு தட்டு வாங்கி வந்திருக்கிறார். எவர்சில்வர். நடுவில் ஓட்டை போட்டுத் தர முடியாது என்று பாத்திரக்கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.